எறும்பு ஊர்வதைப் பார்த்தவர் யார்?

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்லாத தமிழ் வாத்தியார் கிடையாது. எனக்கு மட்டும் வெகு நாளாக வேறொரு சந்தேகம். எறும்பு ஊர்ந்தது சரி, கல் தேய்ந்ததும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் யார்? யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு நாள், இரண்டு நாள் பார்த்தால் போதாது. வேறு வேலை இல்லாதவர் போல ஆண்டுக் கணக்கில் அதே கல்லைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் அவருக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மனிதருடைய வம்சம் அற்றுப் போய்விடவில்லை, வாசகர்களே. அவருடைய பேரப்பிள்ளைகள் பலர் நம் தோட்டங்களில்தான் பிறந்து வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அவர் என் அப்பா.

வேடிக்கை பார்த்த காலம்

எங்கள் ஊர் செமோர். ஈப்போவுக்கு வடக்கே சுமார் பத்து மைல், பழைய நெடுஞ்சாலையோரம் இருக்கும் சிற்றூர். இன்னும் வடக்கே போனால் சுங்கை சிப்புட். மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை. நத்தை ஆற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படி ஐயா அவசரப்பட முடியும்?

நான் பிறந்தது அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில். 1970-களில் எங்களுக்கு வேடிக்கை என்றால் என்ன தெரியுமா? சடக்குக்குக் கல் போட்டு நிரவ ரோலர் வண்டி வரும். அன்றைக்கு முழு நாள் திருவிழா. பிள்ளைகள், ஆயாக் கொட்டகைக் கிழவிகள், வேலை முடிந்து படுக்கப் போக வேண்டிய ஆண்கள், எல்லாரும் சடக்கோரம் வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். ரோலர் பத்துக் கெஜம் முன்னே போகும். பத்துக் கெஜம் பின்னே வரும். லயத்து நாய் ஒன்று அதற்கு முன்னால் நடந்து போய், சலித்து, நடுச்சடக்கில் படுத்துத் தூங்கும். ரோலர் வந்து சேர்வதற்குள் ஒரு தூக்கம் முடித்து எழுந்து போய்விடும். கதை அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் டிரைவர் இறங்கிப் போகும்போது, நல்ல படம் பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர்களைப் போல எல்லார் முகத்திலும் ஒரு நிறைவு இருக்கும்.

ரப்பர்க் காய் வெடிக்கும் வெயில் காலம் பிள்ளைகளுக்கென்றே வரும். ஆளுக்கொரு காயைக் குறி வைத்துக்கொண்டு மரத்தடியில் அண்ணாந்து நிற்போம். யாருடைய காய் முதலில் வெடிக்கிறதோ அவன் ஜெயித்தான். கழுத்து வலித்ததுதான் மிச்சம். பார்த்த காய் பார்த்தபடியே இருக்கும். முதுகுக்குப் பின்னால் 'பட்' என்று சத்தம் கேட்கும். திரும்புவதற்குள் விதை எங்கோ போய் விழுந்திருக்கும். நாம் பார்க்காத பக்கத்தில்தான் உலகத்தில் எல்லாம் நடக்கிறது என்ற தத்துவத்தை ஏழு வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

பெரியவர்களுக்கு ஈயக்கப்பல் இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் தெற்கே போய் வந்தவர்கள் அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கப்பல் முன்னால் இருக்கும் மண்ணைத் தோண்டும். ஈயத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைப் பின்னால் கொட்டும். அப்படியே தான் மிதக்கும் குளத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும். 1938-இல் கட்டி 1982 வரை உழைத்த 4,500 டன் கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் பக்கம் காட்சிப் பொருளாக நிற்கிறது. அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். "இப்ப இது நகராதுப்பா" என்றேன். "முன்னாடி மட்டும் என்ன ஓடுச்சா?" என்றார்.

சொட்டும் நேரம்

இவையெல்லாம் விளையாட்டு. பால் மரத்தைப் பார்ப்பது வயிற்றுப்பாடு.

விடியுமுன் பெரட்டு முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் நெரைக்குப் போவார்கள். ஆளுக்கு ஐந்நூறு மரம் போல இருக்கும். இருட்டிலேயே சீவத் தொடங்க வேண்டும். இரவுக் குளிர்ச்சியில் மரம் நீரைத் தேக்கி வைத்திருப்பதால் பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். உளி பட்டதும் வெட்டு நெடுகச் சின்னச் சின்ன முத்துகள் அரும்பும். அவை கூடிக் கோடாகும். கோடு தகரத்தில் இறங்கி மங்கில் விழும். முதலில் நூலாக விழுவது கொஞ்ச நேரத்தில் சொட்டாகும். பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பாலே வெட்டுவாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கடைசி மரத்தைச் சீவியதற்கும் பால் எடுக்கத் தொடங்குவதற்கும் இடையில் கொஞ்சம் ஓய்வு. மற்றவர்கள் கோப்பி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ஊர் வம்பு பேசுவார்கள். அப்பா ஒரு மரத்தடியில் குந்தி மங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போகும் நான் கேட்பேன்.

"என்னப்பா பாக்கறீங்க?"

"பால் சொட்டுது."

"அது தெரியுதே!"

"தெரியுதுல்ல? அப்ப நீயும் பாரு."

நானும் பார்ப்பேன். சொட்டு தகர நுனியில் பருக்கும், கனக்கும், நடுங்கும். இதோ விழப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும்போது, மனம் மாறியது போல அப்படியே நின்றுகொள்ளும். கண்ணை ஒரு முறை இமைத்தால் போதும், விழுந்திருக்கும். எப்போதாவது விழும் சொட்டு சரியாகக் கண்ணில் பட்டுவிட்டால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். எதற்காகச் சிரித்தோம் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது.

எல்லா நாளும் சிரிப்பு இருந்ததில்லை. மலைப் பக்கம் கறுத்துவிட்டால் நெரை முழுவதும் பேச்சு நின்றுவிடும். மழை முந்திக்கொண்டால் மங்கில் சேர்ந்த பால் தண்ணீரோடு கலந்து வழிந்து போகும். விடியற்காலையிலிருந்து பட்ட பாடு மண்ணோடு போகும். அந்த நாளில் ஒரு கண் சொட்டிலும் ஒரு கண் வானத்திலுமாக அம்மா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மரத்திடம் கெஞ்ச முடியாது. அதட்டவும் முடியாது. மெதுவாக நடப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று எழுத வந்த நான், எங்கள் வீட்டு அரிசியும் அந்த வேகத்தில்தான் வந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்தப் பார்வையால் ஒரு லாபமும் இருந்தது. ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது தராசு முள் ஆடி அடங்கும் வரை அப்பா இடத்தை விட்டு நகரமாட்டார். முள் நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வாளியைக் கூப்பிடும் அவசரக்காரர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். "நிக்கட்டும் ஐயா" என்பார் அப்பா. குரல் உயராது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முள் நிற்கும், எண் கொஞ்சம் மாறும். ஆற அமரப் பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

அம்மாவுக்கு நாள்காட்டி தேவைப்பட்டதில்லை. ஒவ்வொரு முறை சீவும்போதும் போகும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் மாதத்துக்கு ஓர் அங்குலம்கூட இறங்காது. நெஞ்சு உயரத்தில் தொடங்கிய வெட்டு அடிமரத்துக்கு வர ஐந்து ஆண்டு போல ஆகும். பிறகு மறுபக்கம். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்துகொண்டிருக்கும். "நீ வயித்துல இருந்தப்ப வெட்டு என் தோளுக்கு நேரா இருந்துச்சு. நீ நடக்க ஆரம்பிச்சப்ப இடுப்புக்கு வந்துருச்சு. உன் தம்பி பொறந்தப்பல்லாம் குனிஞ்சு குனிஞ்சுதான் சீவுனேன்" என்று அம்மா கணக்குச் சொல்வார். எங்கள் பிறந்த நாள்கள் பத்திரத்தில் இருப்பதற்கு முன்பே பட்டையில் இருந்தன.

அந்த மரங்கள் இப்போது இல்லை. 1990-களில் தோட்டம் கைமாறியது. ஐந்தாறு ஆண்டு காத்திருந்து பால் கொடுக்கத் தொடங்கி, இருபது முப்பது ஆண்டு உழைத்த மரங்களைப் புல்டோசர் சாய்க்கச் சில நாள்கள் போதுமானதாக இருந்தது. லயத்துச் சனங்கள் அதைப் பார்க்க நிற்கவில்லை. ரோலரை நாள் முழுக்கப் பார்த்தவர்கள், இதைப் பார்க்க மனமில்லாமல் உள்ளே போய்விட்டார்கள். வேகமாக நடப்பதில் வேடிக்கை இல்லை போலும்.

1877-இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளில் ஒன்று, மரமாகிக் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. ஒரு முறை அந்தப் பக்கம் போனபோது அப்பாவுக்குக் காட்டினேன். அரை மணி நேரம் பேசாமல் நின்று பார்த்துவிட்டு, "பட்டை நல்லா இருக்கு" என்றார்.

கோப்பி குடிக்கப் போன பேராசிரியர்

சொட்டு விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த வியாதி அல்ல என்பதை என் மகள் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டிய பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாரைப் போன்ற கீலைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும். ஆனாலும் அது ஒழுகும் பொருள்தான் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார். சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார். அது நன்றாகப் படியட்டும் என்று மூன்று ஆண்டு விட்டுவைத்தார். 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். முதல் சொட்டு விழுந்தது 1938-இல்! 2014 ஏப்ரல் வரை விழுந்தவை மொத்தம் ஒன்பது சொட்டு. அதோடு ஒப்பிட்டால் எங்கள் பால் மரம் எக்ஸ்பிரஸ் ரயில்.

1961 முதல் அந்தப் புனலைக் கவனித்துவந்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988-இல் ஏழாவது சொட்டு விழும் தறுவாயில் தொங்கிக்கொண்டிருந்தது. குடிக்க ஏதாவது எடுத்து வரலாம் என்று சில நிமிடம் வெளியே போனார். திரும்பி வந்தால் விழுந்து கிடக்கிறது. 2000-இல் எட்டாவது சொட்டுக்குக் கேமரா வைத்தார்கள்; சரியான நேரத்தில் கேமரா பழுதாகிவிட்டது. 2013 ஆகஸ்டில் அவர் காலமானார். ஒன்பதாவது சொட்டு அடுத்த ஏப்ரலில்தான் இறங்கியது. 52 ஆண்டு காவலிருந்தவர் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்க்கவில்லை. அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1944-இல் தொடங்கிய இதே போன்ற சோதனையில்தான் 2013 ஜூலையில் சொட்டு விழுவதைக் கேமரா பிடித்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "பாவம், கோப்பி குடிக்கப் போயிருக்கக் கூடாது" என்றார். ரப்பர்க் காய்க்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேராசிரியரின் வேதனை புரியாமலா போகும்?

நார்வே நாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2009-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி, பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரை போகும் ரயிலில் கேமராவைக் கட்டி, ஏழு மணி நேரத்துக்கு மேலான பயணத்தை அப்படியே காட்டியது. ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் அதைக் கொஞ்சமாவது பார்த்தார்கள். 2011-இல் ஒரு கப்பல் கரையோரமாகப் போவதை 134 மணி நேரம் நேரடியாகக் காட்டினார்கள். 2013-இல் வந்ததுதான் வேடிக்கையின் உச்சம். விறகு வெட்டுவது, அடுக்குவது, பிறகு அடுப்பில் அது எரிவது என்று ஓர் இரவு முழுக்க நிகழ்ச்சி. அதையும் பார்த்துவிட்டு மக்கள் குறை சொன்னார்கள். பட்டை மேலே இருக்கும்படி அடுக்கியது தப்பு என்று பாதிப் பேர். பட்டை கீழே இருக்கும்படி அடுக்கியது தப்பு என்று மீதிப் பேர்! லயத்துக் கொல்லையில் ரப்பர் விறகு அடுக்கிய நம் பெண்களைக் கூப்பிட்டிருந்தால் ஒரே நாளில் வழக்கைத் தீர்த்து வைத்திருப்பார்கள்.

பார்க்க என்ன இருக்கிறது?

இப்போது அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மா போய் ஒன்பது ஆண்டு. நாங்கள் செமோரிலேயே ஒரு தாமானில் வரிசை வீட்டில் இருக்கிறோம். காலையில் கோப்பி குடித்ததும் அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மத்தியானச் சாப்பாடு வரை நாற்காலி நகராது. கண் மட்டும் எங்கோ நிலைத்திருக்கும்.

கோலாலம்பூரில் இருக்கும் தம்பிக்கு இது பெரிய கவலை. நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் வந்து போவான். "அண்ணே, அப்பா இப்படியே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, மறதி நோயா இருக்குமோ? என்கூட அனுப்பிடுங்க. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு" என்றான். முதலில் இங்கே ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்று மூவரும் போனோம்.

இளவயது டாக்டர் தமிழ்ப் பெண். இன்றைக்கு என்ன கிழமை, பிரதமர் யார் என்றெல்லாம் கேட்டார். அப்பா சரியாகச் சொன்னார்.

"நேத்து என்ன செஞ்சீங்க, தாத்தா?"

"ஒன்னும் செய்யலம்மா. பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

அதற்கு வந்த பதில் கால் மணி நேரம். எதிர்வீட்டுப் பப்பாளியில் பதினொரு பூ. அதில் மூன்று பிஞ்சு கட்டிவிட்டது. மூலை வீட்டில் சுவர் கட்டும் ஒற்றைக் கொத்தனார் ஒரு நாளைக்கு நாலு வரிசைதான் வைக்கிறார், ஆனால் நூல் பிடித்து வைக்கிறார். கால்வாய் ஓரத்து விரிசல் தீபாவளிக்கு இருந்ததைவிட ஒரு விரல் நீண்டிருக்கிறது. மழை விட்ட பிறகு சுண்ணாம்பு மலையில் கறுப்புக் கோடுகள் காய நாலு மணி நேரம் ஆகிறது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எங்கள் இருவரையும் பார்த்து, "உங்க எதிர்வீட்டுல பப்பாளி மரம் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

அந்தச் சுண்ணாம்பு மலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கந்தான் மலையும் ஈப்போவைச் சுற்றியிருக்கும் மற்ற மலைகளும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. வயது இருபத்தைந்து கோடி ஆண்டுக்கும் மேல். அவற்றின் குகைகளில் சொட்டுகிற நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சேர்ந்து சேர்ந்துதான் கல் விழுதுகள் வளர்கின்றன. ஒரு விரல் நீளம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டு ஆகும். மெதுவானதெல்லாம் சாது என்று நினைத்துவிடவும் முடியாது. 1973-இல் ஈப்போ குனோங் செரோவில் பாறை பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்து சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். அப்பா தலைமுறைக்கு அது மறக்கவில்லை. "மலை சும்மா நிக்குதுன்னு நீ நினைக்கிற. அது வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு" என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகும் தம்பி விடவில்லை. "பதினாலாவது மாடிப்பா. காத்து சும்மா வீசும். ஜன்னலைத் தொறந்தா இரட்டைக் கோபுரமே தெரியும்" என்றான்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அதுல பார்க்க என்ன இருக்கு? அதுதான் கட்டி முடிச்சாச்சே!"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. போன மாதம் வந்தபோது தம்பி தானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் போனது எங்கள் எல்லாருக்கும் அதிசயம். முதல் ஐந்து நிமிடம் நெளிந்தான். அப்புறம் அடங்கிவிட்டான். திரும்பி வரும்போது, "அண்ணே, அந்தக் கொத்தனார் நாலு வரிசை இல்ல, இன்னிக்கு அஞ்சு வச்சுட்டார்" என்றான், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் போல.

அன்பர்களே, தோட்டத்தை விட்டு வந்த பெரியவர்கள் இன்று நம் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே நோய் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. ஆனால் பலருடைய கண்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. முப்பது ஆண்டு சொட்டைப் பார்த்துப் பழகிய கண்கள், சம்பளம் நின்றுவிட்டது என்பதற்காகப் பார்ப்பதை நிறுத்திவிடுமா? அவர்களுக்குப் பெரிய தொலைக்காட்சி வேண்டாம். ஒரு செடி, ஒரு துண்டு வானம், மெதுவாக எழும்பும் ஒரு சுவர் போதும். நாற்காலியை மட்டும் வெளிச்சம் இருக்கும் பக்கமாகத் திருப்பிப் போடுங்கள்.

'சும்மா என்ன பார்த்துக்கிட்டே இருக்கீங்க?' என்று கேட்காதீர்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்கக் கால் மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.